கயிற்றை அவிழ்க்கும் முன்: நாய்ப் பூங்காக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய்களைக் கயிறின்றி ஓடவிட அனுமதிக்கும் பூங்காக்களுக்கு, நகருக்குள்ளும் நகரின் விளிம்பிலும், 9 ஆண்டுகளாகப் போய்வருகிறேன். முதலில் ஒரு நாயோடு போனேன். இப்போது மணி என்கிற நாயோடு போகிறேன். புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பட்டறிவிலும் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டறிந்ததிலும் எனக்குத் தெரிந்த விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நாய்ப் பூங்கா என்று தனியாக எதற்கு? சாதாரணப் பூங்காவிலேயே அவிழ்த்துவிட்டால் ஆகாதா?

சாதாரணப் பூங்காவில் குழந்தைகள் ஓடுவார்கள், முதியவர்கள் நடப்பார்கள், நாயைக் கண்டாலே நடுங்குகிறவர்களும் வருவார்கள். "எங்கள் நாய் ஒன்றும் செய்யாது" என்று நாம் சொல்வது அவர்களுக்கு எந்த ஆறுதலும் தராது. அதனால்தான் பல நகரங்கள் பொதுப் பூங்காக்களில் கயிற்றைக் கட்டாயமாக்கிவிட்டு, அவிழ்த்துவிடுவதற்கென்று தனி இடத்தை ஒதுக்குகின்றன. அமெரிக்காவின் முதல் நாய்ப் பூங்கா என்று பரவலாகக் கருதப்படுவது கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1979இல் தொடங்கிய ஓலோனி நாய்ப் பூங்கா. நிலத்தடி ரயில் பாதைக்காகக் காலி செய்யப்பட்டிருந்த நிலத்தில் அது அமைந்தது.

இன்று இத்தகைய இடங்கள் மூன்று விதமாக இருக்கின்றன. முதலாவது, சுற்றிலும் வேலியிட்டு நாய்களுக்காகவே ஒதுக்கப்பட்ட பூங்கா. இரண்டாவது, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் கயிறின்றி விட அனுமதிக்கும் பொதுப் பூங்கா; நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பல பகுதிகளில் காலை 9 மணிக்கு முன்பும் இரவு 9 மணிக்குப் பின்பும் இந்த அனுமதி உண்டு. மூன்றாவது, நகருக்கு வெளியே ஏரிக்கரை, கடற்கரை, காட்டோரம் போன்ற திறந்த வெளிகள். இந்த மூன்றிலும் நாயிடமிருந்து எதிர்பார்க்க வேண்டிய ஒழுங்கு ஒன்றல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வேலி இருந்தால் அது நம் பிழைகளில் பாதியைத் தாங்கிக்கொள்ளும். வேலியில்லாத இடத்தில் கூப்பிட்டால் வருகிற பழக்கம்தான் நாய்க்கு வேலி.

ஊருக்குள் இருக்கும் சின்னப் பூங்கா நல்லதா, ஊருக்கு வெளியே இருக்கும் பெரியது நல்லதா?

என்னைக் கேட்டால், வாரத்தில் நான்கு முறை போகக்கூடிய சின்னப் பூங்காவே மேல். அங்கே வருகிற நாய்கள் ஒன்றையொன்று அறிந்திருக்கும், வருகிறவர்களுக்கும் எந்த நாயின் சுபாவம் எப்படி என்று தெரிந்திருக்கும். சண்டைகள் குறைவதற்கு இந்தப் பழக்கமே பெரிய காரணம். ஆனால் சிறிய இடத்தில் 15 நாய்கள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி நிற்க மூலை கிடைக்காது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கக் கென்னல் கிளப், நாய்ப் பூங்காவுக்கு 1 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தைப் பரிந்துரைக்கிறது. அதைவிடச் சிறிய பூங்காவாக இருந்தால், உள்ளே எத்தனை நாய்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு நுழைவதே என் வழக்கம். ஏழெட்டைத் தாண்டினால் வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு வருவேன்.

பெரிய வெளிகளின் சுகமே தனி. சியாட்டிலுக்கு அருகில் ரெட்மண்டில் இருக்கும் மேரிமூர் பூங்காவில் நாய்களுக்கென்றே 40 ஏக்கர் விட்டிருக்கிறார்கள். அத்தகைய இடத்தில் நாய்கள் ஒரே இடத்தில் நின்று முட்டிக்கொள்வதில்லை, நடந்துகொண்டே இருக்கின்றன. நடக்கிற நாய் வம்புக்குப் போவது குறைவு. அதனால் எனக்குப் பிடித்த ஏற்பாடு, வார நாட்களில் பக்கத்துப் பூங்கா, விடுமுறை நாளில் ஊருக்கு வெளியே நீண்ட நடை. ஆனால் வெளியே போக வேண்டுமானால் கூப்பிட்டதும் வருகிற பயிற்சி முதலில் முடிந்திருக்க வேண்டும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஒரு பூங்கா நல்ல பூங்காதான் என்று எதை வைத்து முடிவு செய்வது?

முதல் முறை நாயை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போய் அரை மணி நேரம் வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். புல்லைப் பார்ப்பதற்கு முன் மனிதர்களைப் பாருங்கள். எல்லோரும் பெஞ்சில் அமர்ந்து கைபேசிக்குள் தலையைக் கவிழ்த்திருக்கிறார்களா, அல்லது தங்கள் நாய் இருக்கும் பக்கம் நோக்கி நின்றுகொண்டு, அடிக்கொருதரம் அதைப் பெயர் சொல்லி அழைத்து மீண்டும் விடுகிறார்களா? இரண்டாவது வகை மனிதர்கள் கூடும் பூங்கா புல் காய்ந்து புழுதியாக இருந்தாலும் நல்ல பூங்காதான். முதல் வகையினர் கூடும் இடம் எவ்வளவு பசுமையாக இருந்தாலும் நான் நாயை அவிழ்க்க மாட்டேன்.

அதன்பின் கட்டமைப்பு. வாசலில் இரட்டைக் கதவு இருக்க வேண்டும். ஒரு கதவைத் திறந்து உள்ளே வந்து, அதைச் சாத்திய பிறகே அடுத்த கதவைத் திறக்க முடிகிற சிறு கூண்டு போன்ற அமைப்பு அது. வேலி 4 முதல் 6 அடி உயரம் இருப்பது வழக்கம். ஆனால் உயரத்தைவிட வேலியின் அடிப்பகுதியைத்தான் நான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் தாண்டிப் போகிற நாய்களைவிடத் தோண்டிப் போகிற நாய்களே நான் பார்த்தவரை அதிகம். நிழல், குழாய்த் தண்ணீர், குப்பைத் தொட்டி, சிறிய நாய்களுக்குத் தனிப் பகுதி ஆகியவை அடுத்து வரும். மழைக்கு மறுநாள் ஒருமுறை போய்ப் பார்ப்பதும் பயன் தரும். தண்ணீர் வடியாமல் தேங்கும் தரையில் நோய்கள் தங்கும்.

எங்கள் குட்டிக்கு மூன்று மாதம் ஆகிறது. இப்போதே கூட்டிப்போகலாமா?

இன்னும் சிறிது பொறுங்கள். குட்டிகளுக்கான அடிப்படைத் தடுப்பூசிகளை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வார வயது வரையோ அதைத் தாண்டியோ போடுகிறார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசியை முழுதாக வேலை செய்ய விடாது என்பதால்தான் கடைசித் தவணை இவ்வளவு முக்கியம். அது போட்டு ஓரிரு வாரங்கள் கழித்து, ரேபிஸ் தடுப்பூசியும் போட்டான பின், மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போகலாம். குட்டிகளுக்குக் கொடிய வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது; நோயுற்ற நாய் வந்துபோன சுவடு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கிருமி அங்கேயே இருக்கும்.

அதற்காக அதுவரை குட்டியை வீட்டுக்குள் பூட்டிவைப்பதும் தவறு. உலகத்தோடு பழகும் பருவம் ஏறக்குறைய 3 முதல் 14 வாரங்களுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. தோளில் தூக்கிக்கொண்டு வேலிக்கு வெளியே நில்லுங்கள். மற்ற நாய்களின் ஓசையும் வாசனையும் பழகட்டும். தடுப்பூசி முறையாகப் போட்ட, அமைதியான பெரிய நாய் ஒன்று தெரிந்தவர் வீட்டில் இருந்தால், அதோடு விளையாட விடுவது முதல் பாடமாக அமையும்.

வீட்டில் ஒரு குரல் கொடுத்தால் ஓடி வருகிறது. பூங்காவில் மட்டும் காது கேட்காதது போல நிற்கிறதே, ஏன்?

காது நன்றாகவே கேட்கிறது. வீட்டில் உங்களைவிடச் சுவையானது வேறொன்றும் இல்லை. பூங்காவிலோ பத்து நாய்களும் ஆயிரம் வாசனைகளும் இருக்கின்றன. அதோடு பெரும்பாலோர் செய்யும் ஒரு பிழையும் சேர்ந்துகொள்கிறது: பூங்காவில் நாயைக் கூப்பிடுவது வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும்தான். "வா" என்றால் "விளையாட்டு முடிந்தது" என்று பொருள் என நாய் நான்கே நாளில் கற்றுக்கொள்கிறது. ஒரு வருகையில் குறைந்தது ஆறேழு முறை கூப்பிட்டு, வந்ததும் தட்டிக்கொடுத்து, உடனே "போ" என்று மீண்டும் அனுப்புங்கள். வந்த பிறகு, எவ்வளவு தாமதமாக வந்திருந்தாலும், திட்டக் கூடாது.

பயிற்சியைப் படிப்படியாகக் கொண்டுபோக வேண்டும்: முதலில் வீடு, பிறகு ஆளில்லாத வெளி, அங்கே 10 மீட்டர் நீளமுள்ள பயிற்சிக் கயிறு, அதன்பின் ஆளில்லாத நேரத்தில் பூங்கா, கடைசியாகக் கூட்டமுள்ள பூங்கா. நீளக் கயிறோடு கூட்டத்துக்குள் விட வேண்டாம். மற்ற நாய்களின் காலில் சுற்றிக்கொள்ளும். இன்னொரு யோசனை: அவசரத்துக்கென்று ஒரு தனிச் சொல்லை வைத்துக்கொண்டு, அதைச் சொல்லும்போதெல்லாம் நாய்க்கு மிகவும் பிடித்த உணவைத் தாராளமாகக் கொடுங்கள், வாரத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். மணிக்கு அந்தச் சொல் "ஓடியா". சாலைப்பக்கக் கதவு திறந்து கிடந்த ஒரு நாள், அந்த ஒரு சொல்தான் அவனைப் பாதி வழியில் திருப்பியது.

உள்ளே நுழையும்போது கயிற்றை எப்போது அவிழ்க்க வேண்டும்? மற்ற நாய்களோடு பழகும் வரை கட்டியே வைத்திருக்கலாம் அல்லவா?

பாதுகாப்பாகத் தோன்றினாலும் அது எதிர்மறையாகவே முடியும். எல்லா நாய்களும் அவிழ்ந்து திரியும் இடத்தில் ஒன்று மட்டும் கயிற்றில் இருந்தால், அதனால் விலகி ஓடவும் முடியாது, உடலை வளைத்துத் தன் சமாதானத்தைக் காட்டவும் முடியாது; கயிறு இறுகும்போது தலை நிமிர்ந்து நெஞ்சு முன்னே தள்ளி, சண்டைக்கு நிற்பது போன்ற தோற்றம் வந்துவிடும். எனவே இரண்டு கதவுகளுக்கும் நடுவில் இருக்கும் கூண்டில்தான் அவிழ்க்க வேண்டும். கழுத்தை இறுக்கும் சங்கிலிகளையும் முள்பட்டைகளையும் அங்கேயே கழற்றிவிடுங்கள். விளையாட்டில் வாயால் கவ்வும்போது இன்னொரு நாயின் கீழ்த்தாடை அவற்றில் சிக்கிக்கொண்டால் இரண்டு நாய்களுமே மிரண்டுபோகும். சட்டென்று கழற்றக்கூடிய கொக்கி வைத்த தட்டையான கழுத்துப்பட்டை போதும்.

வாசல்தான் பூங்காவிலேயே மிக நெருக்கடியான இடம். புதிய நாய் வரும் ஓசை கேட்டதும் உள்ளே இருக்கும் அனைத்தும் கதவருகே குவியும். கூண்டுக்குள் இருக்கும் நாய் ஐந்தாறு மூக்குகள் கம்பி இடுக்கில் நீள்வதைப் பார்த்து, வாலைத் தொடைகளுக்கிடையே செருகி, நம் முழங்காலுக்குப் பின்னால் பதுங்கும். அந்த நேரத்தில் உள் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே இருப்பவர்களிடம் தங்கள் நாய்களைச் சற்று அழைத்துக்கொள்ளும்படி சொல்லுங்கள். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். கூட்டம் கலைந்ததும் உள்ளே நுழைந்து, நிற்காமல் நேராக நடங்கள். நீங்கள் நடந்தால் நாயும் நடக்கும், வாசலில் தேங்காது.

விளையாடுகிறதா சண்டை போடுகிறதா என்று எனக்குப் புரிவதே இல்லை. எதைப் பார்க்க வேண்டும்?

ஓசையை நம்பாதீர்கள். உறுமிக்கொண்டே விளையாடும் நாய்கள் ஏராளம்; உண்மையான மிரட்டல் பல நேரங்களில் சத்தமே இல்லாமல் தொடங்குகிறது. பார்க்க வேண்டியது உடம்பை. விளையாடும் நாயின் உடல் தளர்ந்து, வளைந்து, தேவைக்கு மேல் துள்ளும். முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் படிந்து பின்பகுதியைத் தூக்கிக் காட்டுவது "இது விளையாட்டு" என்பதற்கான அழைப்பு. விலங்கு நடத்தை ஆய்வாளர் மார்க் பெகாஃப் 1995இல் வெளியிட்ட ஆய்வில், கடித்துக் குலுக்குவது போன்ற தவறாகப் புரிந்துகொள்ளத்தக்க அசைவுகளுக்குச் சற்று முன்போ பின்போ நாய்கள் இந்த வணக்கத்தைச் செய்வதைச் சுட்டிக்காட்டினார். முரட்டுத்தனத்தைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று சொல்லிவைப்பதைப் போல.

இன்னொரு நல்ல அடையாளம் முறை மாற்றம். துரத்திய நாய் துரத்தப்படுகிறதா, மேலே இருந்தது கீழே புரள்கிறதா, நடுநடுவே இரண்டும் நின்று உடம்பை உதறிவிட்டுத் தொடர்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றே எப்போதும் துரத்தி, இன்னொன்று பெஞ்சுக்கடியிலும் மனிதர்களின் காலடியிலும் புகலிடம் தேடினால் அது விளையாட்டு அல்ல. உடல் விறைத்து, வாய் மூடி, பார்வை அசையாமல் ஒரே இடத்தில் நிலைத்து, வால் உயர்ந்து இறுக்கமாக ஆடினால் உடனே அழைத்துக்கொள்ளுங்கள். வால் ஆடுகிறது என்பதாலேயே மகிழ்ச்சி என்று எண்ண வேண்டாம். வாலை ஆட்டிக்கொண்டே கடித்த நாயை நானே பார்த்திருக்கிறேன்.

ஐயமாக இருந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. துரத்துகிற நாயை அதன் உரிமையாளர் சில நொடிகள் பிடித்துக்கொள்ளட்டும். துரத்தப்பட்ட நாய் திரும்பி அதனிடமே வந்து வம்பு செய்தால் அது விளையாட்டுத்தான். விட்டால் போதும் என்று விலகிப் போனால் விடை கிடைத்துவிட்டது.

பந்தும் தின்பண்டமும் கொண்டுபோகலாமா?

கூட்டமில்லாத நேரத்தில் பந்து சரி, கூட்டத்தில் வேண்டாம். தன் பொருளைக் காத்துக்கொள்ளும் உணர்வு சாதுவான நாய்க்கும் உண்டு. பூங்காவில் நான் பார்த்த சண்டைகளில் பெரும்பங்கு யாரோ மறந்து விட்டுப்போன ஒரு பழைய பந்தில்தான் தொடங்கியது. தின்பண்டத்தைச் சிறு துண்டுகளாக, வாசனை வெளியே வராத பையில் வைத்துக்கொண்டு, உங்கள் நாய் தனியே வந்து நிற்கும்போது மட்டும் கொடுங்கள். பிறர் நாய்க்குக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள். அதற்கு ஒவ்வாமை இருக்கலாம்.

எங்களுடையது சின்ன நாய், ஆனால் தைரியசாலி. பெரிய நாய்களோடு விட்டால் என்ன?

தைரியம் இருப்பதுதான் கவலை. பெரிய நாய் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் ஒரு காலைத் தூக்கி வைத்தாலே 4 கிலோ நாயின் முதுகு தாங்காது. அதைவிட ஆபத்தானது, விளையாட்டாகத் தொடங்கிய துரத்தல் சட்டென்று வேட்டையாக மாறிவிடுவது: சின்ன நாய் மிரண்டு கீச்சென்று கத்தி ஓடும்போது, பெரிய நாயின் கண்ணுக்கு அந்த நொடியில் அது நாயாகத் தெரியாமல் ஓடும் இரையாகத் தெரிகிறது. எவ்வளவு நட்பான நாய்க்கும் இது நேரலாம். சிறிய நாய்களுக்கான பகுதி இருந்தால் அங்கேயே விடுங்கள். பூங்காவுக்குப் பூங்கா வரம்பு மாறினாலும் ஏறக்குறைய 10 முதல் 14 கிலோவுக்குள் என்றுதான் பெரும்பாலும் பலகையில் எழுதியிருப்பார்கள். பெரிய நாய் வைத்திருப்பவர்கள் "இது குட்டிதான்" என்று சொல்லி அந்தப் பகுதிக்குள் அழைத்து வருவதும் தவறே. அங்கே கணக்கு எடைதான்.

பெண் நாய் பருவத்தில் இருக்கும்போது கூட்டிப்போகலாமா?

கூடாது. அந்தக் காலம் இரண்டு மூன்று வாரங்கள் நீடிக்கும். அது முழுவதும், அதற்குப் பின் சில நாட்களும், வெறிச்சோடிய தெருவில் கயிற்றோடு நடப்பதே உசிதம். கருவுறும் வாய்ப்பு மட்டும் காரணம் அல்ல, ஆண் நாய்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும்.

மலம் மண்ணுக்கு உரம்தானே? ஒதுக்குப்புறமாக இருந்தால் அள்ளாமல் விட்டால் என்ன கெட்டுப்போகிறது?

இறைச்சியும் தின்னும் விலங்கின் மலத்தை மாட்டுச் சாணத்தோடு ஒப்பிட முடியாது. உருளைப்புழுவின் முட்டைகள் புதிய மலத்தில் தொற்றும் நிலையில் இருப்பதில்லை. மண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்த பின்பே தொற்றுகின்றன, அதன்பின் ஆண்டுக்கணக்கில் அங்கே உயிரோடு இருக்க முடியும். அதாவது உடனே அள்ளினால் ஆபத்து அப்போதே நீங்கிவிடுகிறது. விட்டுவைத்தால் மலம் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது. மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கும் அது தொற்றும், சில சமயம் கண்ணைக்கூடப் பாதிக்கும். கொக்கிப்புழு, ஜியார்டியா என்னும் குடல் ஒட்டுண்ணி ஆகியவையும் மலத்தின் வழியே பரவுகின்றன. பூங்காவுக்குப் போகும் நாய்க்குக் குடற்புழு நீக்க மருந்தை எந்த இடைவெளியில் கொடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டோடு இருக்கும் நாயைவிட இதற்கு அடிக்கடி தேவைப்படலாம். பையை எடுக்க மறந்தவர்களுக்காக நான் இரண்டு மூன்று பைகளை வேலிக் கம்பியில் கட்டிவைப்பேன். வாய்ச்சண்டையைவிட அது பலன் தருகிறது.

மதியம்தான் எனக்கு நேரம் கிடைக்கிறது. வெயிலில் விளையாடினால் நாய்க்கு ஆகாதா?

நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டுமே, அதுவும் கொஞ்சம்தான். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதுதான் அதன் குளிரூட்டும் வழி. விளையாட்டு மும்முரத்தில் தானாக நிறுத்தும் அறிவு பல நாய்களுக்கு இருப்பதில்லை, பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கோ மூச்சிரைத்தும் சூடு போதிய அளவு இறங்குவதில்லை. புறங்கையைத் தரையில் 7 நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாத தரையில் அது ஓட முடியாது.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அது 41ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. எச்சில் கயிறுபோல் கெட்டியாக ஒழுகுவது, ஈறு கருஞ்சிவப்பாவது, தள்ளாடுவது, வாந்தி ஆகியவற்றைக் கண்டால் முதலில் அங்கேயே குளிரவையுங்கள், பிறகு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நிழலுக்குத் தூக்கிச் சென்று உடல் முழுதும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்திவிட்டு அப்படியே விடக் கூடாது. துண்டு சூடாகி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். மதியம் தவிர வேறு நேரம் இல்லை என்றால், அன்று மோப்ப நடையோடு நிறுத்திக்கொண்டு ஓட்டத்தை மறுநாள் காலைக்குத் தள்ளிவையுங்கள்.

ஊருக்கு வெளியே ஏரிக்கரைக்குப் போகிறோம். தண்ணீரில் இறங்க விடலாமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

தண்ணீரின் மேல் பச்சைச் சாயம் கொட்டியது போலவோ பாசிப் பசை படர்ந்தது போலவோ தெரிந்தால் இறங்கவும் குடிக்கவும் விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசி என்று சொல்லப்படும் நுண்ணுயிர்களில் சில உருவாக்கும் நஞ்சு நாயைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடக்கூடியது. ரோமத்தில் ஒட்டியதை நக்கினாலும் உள்ளே போகும். தேங்கிய நீரில் எலி முதலான விலங்குகளின் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். அதற்குத் தனித் தடுப்பூசி உண்டு. வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோனால் நாய்க்குத் தாகத்தில் குட்டையைத் தேடத் தோன்றாது.

திரும்பியதும் காதின் உட்புறம், அக்குள், விரல் இடுக்கு, வாலடி ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஆடு மாடோ மானோ மேய்கிற வெளியாக இருந்தால், உங்கள் நாய் இதுவரை எதையும் துரத்தியதில்லை என்றாலும், கயிறு கையில் இருக்கட்டும். வேலியில்லாத இடம் பற்றி முதல் விடையில் சொன்னது இங்கேதான் சோதிக்கப்படுகிறது.

ஓடிப்போய்க் காணாமல் போய்விட்டால்? மைக்ரோசிப் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்களே?

மைக்ரோசிப் இருக்கும் இடத்தைச் சொல்லாது. அரிசி மணி அளவுள்ள அந்தச் சில்லில் மின்கலம் கிடையாது. படிப்பான் கருவியை மிக அருகில் கொண்டுபோனால் மட்டுமே, பெரும்பாலான சில்லுகளில் 15 இலக்கம் கொண்ட, ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணோடு பதிவில் இருக்கும் உங்கள் தொலைபேசி எண் பழையதாக இருந்தால் பயன் இல்லை. எனவே எண் மாறியதும் பதிவையும் மாற்றுங்கள், கழுத்துப்பட்டையில் எண் பொறித்த தகடும் இருக்கட்டும். தேட வேண்டுமானால் அதற்கு ஜிபிஎஸ் பட்டை என்று தனியாக இருக்கிறது.

ஓடும் நாயைத் துரத்தாதீர்கள், துரத்தினால் இன்னும் ஓடும். எதிர்ப்பக்கம் திரும்பி ஓடிக்கொண்டே கூப்பிடுங்கள், அல்லது உட்கார்ந்துவிடுங்கள். கண்ணை விட்டு மறைந்துவிட்டால் ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்க வேண்டும். பல நாய்கள் தாமாகவே அங்கே திரும்பி வருகின்றன.

சண்டை மூண்டுவிட்டால் எப்படிப் பிரிப்பது?

கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் கையை நீட்டாதீர்கள். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், மனிதர்கள் கடிபடுவதும் அதனால்தான். ஆவேசத்தில் இருக்கும் நாய் தன் கழுத்தருகே வரும் எதையும் திரும்பிக் கடிக்கும், அது உங்கள் கை என்பது அதற்குத் தெரியாது. பெரும்பாலான சண்டைகள் சில நொடிகளில் தாமே ஓய்ந்துவிடும். ஓயாவிட்டால் தண்ணீரை முகத்தில் வீசுங்கள், பெரிதாக ஓசை எழுப்புங்கள், பை அல்லது பலகை எதையாவது நடுவில் நுழையுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் இரண்டு உரிமையாளர்களும் ஒரே நேரத்தில் தத்தம் நாயின் பின்னங்கால்களைத் தொடைப்பகுதியில் பற்றித் தூக்கி, கைவண்டியை இழுப்பது போலப் பின்னோக்கி நடக்க வேண்டும். ஒருவர் மட்டும் தூக்கினால் அந்த நாய் தற்காப்பின்றி மாட்டிக்கொள்ளும். ஒன்று கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தால் இழுக்கவும் கூடாது, சதை கிழியும்.

பிரித்ததும் இரண்டையும் கயிற்றில் கட்டி வெளியே கொண்டுபோய்விடுங்கள், "சமாதானம்" செய்துவைக்க முயல வேண்டாம். பல் பதிந்த இடம் வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாகக் கிழிந்திருக்கலாம். அதனால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் நாய் இன்னொருவர் நாயையோ ஆளையோ கடித்துவிட்டால் யார் பொறுப்பு? பூங்காதானே, தெரிந்துதானே வருகிறார்கள்?

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். வாசல் பலகையில் இருக்கும் விதிகளை ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். பெரும்பாலான பலகைகளில் நாயின் செயலுக்கு உரிமையாளரே பொறுப்பு என்ற வரி இருக்கும். பெயரையும் தொலைபேசி எண்ணையும் தடுப்பூசிச் சான்றின் படத்தையும் பரிமாறிக்கொள்ளாமல் யாரும் கிளம்பக் கூடாது. முன்பு ஒருமுறை எங்கள் நாயின் காதை இன்னொரு நாய் கிழித்துவிட்டது; நான் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அதன் உரிமையாளர் சத்தமின்றிக் கிளம்பிவிட்டார். தையல் செலவைவிட, அந்த நாய்க்கு ரேபிஸ் ஊசி போட்டிருந்ததா என்று தெரியாமல் கழித்த நாட்களே எனக்குக் கொடுமையாக இருந்தன.

மனிதரைக் கடித்தால், பேச்சு எல்லாவற்றுக்கும் முன்பாக, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் முதலுதவி இதுதான். பின் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ரேபிஸ் அறிகுறி தோன்றிய பிறகு ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை; தோன்றும் முன்பே சிகிச்சை எடுத்தால் தடுத்துவிடலாம்.

எல்லோருடைய நாயும் விளையாடுகிறது, என் நாய் மட்டும் என் காலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பழகிவிடுமா, விட்டுவிடலாமா?

மூன்று நான்கு முறை கூட்டமில்லாத நேரத்தில், ஒவ்வொரு முறையும் 15 நிமிடத்துக்கு மேல் போகாமல், முயன்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் சற்றே கூடுதலாக உங்களை விட்டு நகர்ந்தால் தொடரலாம். காதுகள் பின்னே படிந்து, வால் செருகி, கொட்டாவி விட்டபடியும் உதட்டை நக்கியபடியும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றால், அது வேண்டாம் என்று சொல்லிவிட்டது. "உள்ளே தள்ளிவிட்டால் தானே பழகும்" என்ற அறிவுரையைக் கேட்காதீர்கள். பயந்த நாய் அப்படித்தான் கடிக்கக் கற்றுக்கொள்கிறது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு அறியாத நாய்களின் கூட்டம் பிடிக்காது. அது குறையும் அல்ல.

அத்தகைய நாய்க்கு 10 மீட்டர் கயிற்றோடு ஆளில்லாத வெளியில் விருப்பம்போல் மோப்பம் பிடித்து நடப்பது, ஓட்டத்துக்குச் சமமான களிப்பையும் களைப்பையும் தரும். மணிக்கு இப்போது வயதாகிவிட்டதால் நானும் அதைத்தான் செய்கிறேன். விடியும் முன் பக்கத்துப் பூங்காவுக்குப் போகிறோம். வேலியோரமாக ஒரு சுற்று, முதல் நாள் வந்துபோன நாய்களின் செய்தியை ஒவ்வொரு கம்பத்திலும் நின்று நிதானமாகப் படித்துவிட்டு, இரண்டாவது நாய் வாசலில் தெரியும்போது அவனே கூண்டுக்குள் வந்து கயிற்றுக்குக் கழுத்தை நீட்டுகிறான்.